மச்சாள் மாற்றிப் போட்ட ரெகுலேட்டர்

பெருவிரல் நகமளவு கறுப்புத் துண்டு, மூன்று கம்பிக் கால்கள். என் தையல் பெட்டியில் ஊசிகளோடு கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் எடுத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். என் கணவரின் தமக்கை, என் மச்சாள், பழைய கார் வானொலி ஒன்றிலிருந்து கழற்றிய ரெகுலேட்டர் அது.

எங்கள் தீவான எழுவைதீவில் அப்போது, போர்க்காலத்தில், மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்போம். வேகம் கூடினால் வானொலி எரிந்துவிடும் என்று, ஐந்து வோல்ட்டுக்கு மேல் விடாத வேறொரு ரெகுலேட்டரை மச்சாள் இடையில் பூட்டியிருந்தார். ஆனால் அதற்கு ஏழு வோல்ட் கொடுத்தால்தான் ஐந்து தரும். கை சோர்ந்தால் வானொலி முனகி அடங்கிவிடும். கடற்கரை ஆட்களோ, வானிலை அறிக்கை தடை சொல்லாவிட்டால் வள்ளம் இறக்குவார்கள்; வானொலி பேசாவிட்டாலும் இறக்குவார்கள். அதுவும் தடை சொல்லவில்லைத்தானே என்பது அவர்கள் நியாயம். என்ன நியாயமோ!

அன்று காற்று மாறியிருந்தது. என் கணவர் வள்ளத்தில் வலை ஏற்றப் போய்விட்டார். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அறிக்கைக்குக் கொஞ்ச நேரமே இருக்க, மச்சாள் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டுக் கார் வானொலியின் துண்டைப் பூட்டவென்று, ஈயம் பற்றவைக்கும் கோலை அடுப்புத் தணலில் காய்ச்சினார். கார்த் துண்டு செத்திருந்தால் பழையதைத் திரும்பப் பூட்ட நேரமில்லை.

"இருக்கிறதை விடுங்கோ மச்சாள், நான் வேகமாச் சுற்றுறன்."

"எவ்வளவு நேரம் சுற்றுவீர்? இது அஞ்சரை வோல்ட் குடுத்தாலே காணும், அஞ்சு தரும். கார் ஸ்டார்ட் எடுக்கேக்கை பற்றரி வோல்ட் விழும், அதுக்கெண்டு செய்தது."

ஒரு கால் சரியாகப் பற்றவில்லை. அதை மச்சாள் குறட்டால் அழுத்திப் பிடிக்க, நான் சுற்றினேன். வானொலி பேசியது. ஆனால் அறிக்கை வாசித்த மனிதர் தெற்கு, கிழக்கு என்று ஆறுதலாக வாசித்துக்கொண்டே போனார். என் கை மரத்துவிட்டது.

"மச்சாள், ஏலாது."

"மெல்லச் சுற்றும். நிப்பாட்டாதையும்."

அழுதுகொண்டே மெல்லச் சுற்றினேன். பழையதென்றால் அப்போதே அடங்கியிருக்கும். குரல் அடங்கவில்லை. வடகடலில் புயல், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றது. மச்சாள் குறட்டோடு கரைக்கு ஓடினார்.

"ரேடியோ சொல்லுதோ, நீ சொல்லுறியோ அக்கா?" என்று என் கணவர் நக்கலடித்தாராம். மச்சாள் வள்ளத்துக்கு முன்னால் குந்தி, அதை இறக்க விடவில்லை. அன்றிரவுக் காற்றில், கரையில் கட்டிய வள்ளங்களே மோதி உடைந்தன.

மச்சாள் இன்று இல்லை. மின்சாரம் வந்தபின் அந்த வானொலியும் போய்விட்டது. இந்தத் துண்டை மட்டும் நான் எடுத்து வைத்தேன். "இந்தக் குப்பையை எறியுமன்" என்பார் என் கணவர், கதிரையில் சாய்ந்தபடி. அப்படிச் சொல்ல அவர் இருக்கிறாரே, எனக்கு அது காணும்.