அழுக்குத் தண்ணீரும் என் வாயும்

"இது மருந்தடிக்கிற மெஷினா?" என்றார் கண்டக்டர்.

பத்து நாளைக்கு முன்பு, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில். என் தங்கை கலைச்செல்வி இரண்டு கையாலும் ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சின்ன சூட்கேஸ் உயரம், அடியில் சக்கரம், மேலே சுருட்டிக் கட்டிய பைப். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடித்துப் பழகிய ஊர் எங்கள் ஊர். கண்டக்டர் பாவம், வேறு என்ன நினைப்பார்?

"கார்பெட் க்ளீன் பண்றதுங்க" என்றாள் கலை.

"கார்பெட்டா? அதத் தூக்கி ரெண்டு தட்டு தட்டுனா போதாது?" என்று சொல்லிக்கொண்டே லக்கேஜுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கலையும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். கலை ஆறு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை மூடும் வரை நிற்க வேண்டும். குதிகால் வெடித்து, முழங்கால் வீங்கி, ஒருநாள் "போதும்டா சாமி" என்று வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து செல்போனில் எதையெதையோ பார்த்தாள். பிறகு இந்த மெஷினை வரவழைத்தாள். ஒரு டேங்கில் நல்ல தண்ணீர், அதைக் கார்பெட் மேல் பீய்ச்சும். உடனே உறிஞ்சி எடுத்து இன்னொரு டேங்கில் விடும். அவ்வளவுதான். தனி ஆள் தொழில். ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது.

"பெரம்பலூர்ல எவன் வூட்ல கார்பெட் இருக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. நானும்தான் கேட்டேன். சோபா இருக்கு, கார் சீட் இருக்கு, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த கார்பெட் இருக்கு, கல்யாண மண்டபத்தில் வாசல் முதல் மேடை வரைக்கும் சிவப்புக் கம்பளம் இருக்கு என்று விரல் விட்டுச் சொன்னாள். எல்லாம் இருந்தது. போன்தான் வரவில்லை.

இரண்டு மாதத்தில் நாலு சோபா, ஒரு கார். ஜவுளிக்கடையிலிருந்து மட்டும் சொல்லி அனுப்பினார்கள். "ஒண்ணாந்தேதிக்குள்ள வந்தா சேர்த்துக்குறோம். இல்லேன்னா வேற ஆள் போட்ருவோம்."

அப்போதுதான் அரியலூரிலிருந்து ஒரு அக்காவின் அழைப்பு. அந்த அக்காவுக்குச் சொந்தமாகக் கல்யாண மண்டபம் இருக்கிறது. முதலில் வீட்டுக் கார்பெட்டைச் செய்து காட்டு, பிடித்திருந்தால் ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்துக் கம்பளம் உனக்குத்தான் என்றார்.

இப்படி ஒரு நாளில் நான் வீட்டில் இருப்பேனா? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். லிஃப்ட் பட்டனை நாலு தடவை அமுக்குகிற ஜாதி நான். "துணைக்கு வரேன்" என்று கிளம்பிவிட்டேன். கலை வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல வாய் திறப்பதற்குள் நான் செருப்பு மாட்டியாகிவிட்டது.

வீடு மெயின் ரோட்டு மேலேயே இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு போயின. ஹாலில் அழகான பெரிய கார்பெட். அருமையாக இருந்தது... தொட்டுப் பார்க்கும் வரை. ஈரம்!

"நேத்தே சோப்புத் தூள் போட்டு அலசி மாடியில போட்டு எடுத்துட்டேன்" என்றார் அந்த அக்கா, பெருமையாக. "வெளியாளு வர்றப்போ அழுக்கா கெடந்தா நல்லாவா இருக்கும்? நீ சும்மா மேலாப்புல ஒரு ஓட்டு ஓட்டிட்டுப் போ."

சுத்தம் செய்ய ஆள் வருகிறது என்று முந்தின நாளே சுத்தம் செய்து வைக்கிற மனசு இருக்கிறதே! சிரிக்காதீர்கள். பல் டாக்டரிடம் போகிற அன்றைக்கு மட்டும் நான் பத்து நிமிஷம் பல் தேய்ப்பேன். நீங்களும் அப்படித்தானே?

கலை மெஷினை ஓட்டினாள். உள்ளே இறங்கியிருந்த சோப்புத் தூள் எல்லாம் நுரையாகக் கிளம்பியது. டேங்க் நிறைய நுரை. மோட்டார் ஒரு மாதிரி முக்கியது... நின்றுவிட்டது. "என்னாச்சு? வேலை செய்யுமா? செய்யாதா?" என்று அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி ஒக்காரு."

எங்கே உட்காருவது? ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவளோ நிதானமாக டேங்கைக் கழற்றி, நுரையைக் கொட்டி, வெறும் தண்ணீரை மட்டும் பீய்ச்சிப் பீய்ச்சி உறிஞ்சினாள். ஒரு டேங்க். இரண்டு டேங்க். ஐந்தாவது டேங்கில் நுரை அடங்கியது. அப்போது வந்தது பாருங்கள், அசல் சரக்கு! திக்காக, சாம்பலும் கறுப்புமாக.

எனக்கு ஒரே குஷி. இதைப் பார்த்தால் அந்த அக்கா அசந்துவிட மாட்டாரா? செல்போனில் கலை காட்டிய வீடியோ எல்லாவற்றிலும் இதைத்தானே காட்டினார்கள்? டேங்கைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டேன்.

"பாருங்கக்கா, உங்க கார்பெட்லேருந்து எவ்வளவு அழுக்கு வந்துருக்குன்னு!"

உள்ளே அந்த அக்கா தனியாக இல்லை. உடையார்பாளையத்திலிருந்து நாத்தனார் வந்திருந்தார். காபி டம்ளரோடு எட்டி டேங்குக்குள் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"ஏன் அண்ணி... நேத்துதான் அலசுனேன்னு சொன்னீங்க?"

அந்த அக்காவின் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். "எங்க வூட்டுல என்ன மண்ணுலயா பொரண்டுக்கிட்டு கெடக்குறோம்?" என்று என்னைப் பார்த்து வெடித்தார். மண்டபம் போச்சு. ஒண்ணாந்தேதி நெருங்கியாச்சு. என் தங்கை மறுபடி பில் கவுன்ட்டரில் நிற்கப் போகிறாள். எல்லாம் என் ஒரு வாயால்!

கலை ஓடி வந்தாள். என் கையிலிருந்த டேங்கை வாங்கினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினாள். பிறகுதான் பேசினாள்.

"அக்கா, இது உங்க வூட்டு அழுக்கே இல்லீங்க. ரோட்டுல போற லாரிப் புழுதி. ஜன்னல் வழியா வந்து அடியில போயி ஒக்காந்துக்கும். கையால எவ்வளவு அலசுனாலும் வராதுங்க. நீங்க மேல அலசி வச்சதாலதான் எனக்கு இவ்வளவு சீக்கிரம் அடிவரைக்கும் போக முடிஞ்சுது."

சீக்கிரமா? மூன்று மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தாள் அவள்!

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி போனது. "ஆமா அண்ணி, இந்த ரோட்டுல வூடு இருந்தா என்னதான் பண்ண முடியும்?" என்றார். அந்த அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கலை கொல்லைப்பக்கம் போய்த் துண்டை எடுக்காமலேயே தண்ணீரைச் சாய்த்தாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது, "சொல்லி அனுப்புறேன்" என்றார் அந்த அக்கா. பெண் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் சொல்வார்களே, அதே "சொல்லி அனுப்புறேன்".

திரும்பி வருகிற பஸ்ஸில் கலை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "நம்ம அழுக்க எடுக்க ஆள் வேணும்க்கா. அதப் பாக்கத்தான் ஆள் வேணாம்" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே மூடி போட்ட ஒரு கேன் வாங்கி வந்தாள். இனி உறிஞ்சுகிற தண்ணீர் எல்லாம் நேராக அதற்குள்தான்.

அடுத்த நாலு நாள் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அவள் போனில் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன். என் போனிலிருந்து அவளுக்கு ஒரு கால் போட்டு மணி அடிக்கிறதா என்று சோதித்தேன். பாவம், அவள் அரியலூர் என்று நினைத்து ஓடி வந்தாள். அதற்கு மட்டும் திட்டினாள்.

முப்பதாம் தேதி சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போடு என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நாத்தனா வூட்டு கார்பெட்டையும் பண்ணணுமாம். மண்டபத்துக்கும் நீயே வந்துரும்மா, மொத முகூர்த்தத்துலேருந்து..." என்றார் அந்த அக்கா. கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. கூட ஒரு அக்கா வந்தாங்கல்ல? அவங்க மட்டும் வேணாம்."

கலை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேகவேகமாக.

"சரிங்கக்கா" என்றாள். "இது தனி ஆள் தொழில்தாங்க."

வேலையை விட்டு நிறுத்தினதற்காக இப்படிக் குதித்த ஆள் இந்த இரண்டு மாவட்டத்திலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!