நன்றிக்குப் போன கேசரி

டிசம்பர் மழைச்சாரலில் நனைந்த சிமெண்ட் தரையின் வாசத்தோடு அம்மா கிண்டும் கேசரியின் நெய் மணமும் சேர்ந்து வந்தால், ஃபேரர் பார்க்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வருடத்தின் கடைசி நாள் வந்துவிட்டது என்று பொருள். அந்த வருடம் உதவியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தட்டு போகும். உதவி பெற்றவரே கொண்டுபோய்த் தம் வாயால் நன்றி சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். "வாய் இருக்குல்ல, சொல்லிட்டு வா" என்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, என் தட்டு பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு. மலாயில் அத்தை என்று பொருள்படும் 'மக்சிக்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அம்மா வேலைக்குப் போயிருந்த மூன்று நாளும், காய்ச்சலில் கிடந்த எனக்குக் கஞ்சி ஊட்டியவர். ஆனால் போன வாரம்தான் 'காரிடாரில்' பந்து உதைத்து அவருடைய ஆர்க்கிட் தொட்டியை உடைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது. பழி அவருடைய வெள்ளைப் பூனைமேல் விழுந்து, அது வீட்டுக்கு வெளியே கிடந்தது.

வாய் திறக்கவே கூசும் பிள்ளை நான். 'தெரிமா காசே' என்று மலாயில் நன்றியை முணுமுணுத்தபடியே நடந்தேன். கம்பிக் கதவருகே சாரலில் சுருண்டிருந்த பூனை தலை தூக்கி என்னைப் பார்த்தது. கதவு திறந்ததும் என் வாயில் வந்தது, மன்னிப்புக் கேட்கும் சொல்: "மிந்தா மாஃப்."

"மாஃபா? எதுக்குப்பா? நீ என்ன செஞ்ச?" எங்களோடு பழகிய தமிழில் கேட்டார்.

தொட்டியைக் காட்டினேன். தொட்டியை, என்னை, பூனையைப் பார்த்தவர், வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"அப்போ நான்தான் பூனைகிட்ட மாஃப் கேக்கணும் லா!"

பூனையை மடியில் அள்ளிக்கொண்டு, என் தட்டில் பச்சைக் 'குவே' பலகாரம் வைத்துக் கொடுத்தார்.

"சொல்லிட்டியா?" என்றார் அம்மா. தலையாட்டினேன். நன்றியை நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் மக்சிக் வீடு மாறிப் போய்விட்டார்.

இன்று அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் புல்தான் இருக்கிறது. அம்மாவும் இல்லை. இப்போது நான் குடியிருக்கும் பூன் லேயில் எங்கள் தளத்தில் கதவுகள் மூடியே இருக்கும். வருடக் கடைசியில் கேசரியைப் பையில் போட்டு, உதவியவர்களின் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு ஓடி வந்துவிடுவேன். சென்ற டிசம்பரில், மழையில் நனைய இருந்த என் துணிகளை எடுத்து வைத்த பக்கத்து வீட்டு மலாய் இளைஞனுக்காக மணியை அழுத்தி, நின்றேன்.

"தெரிமா காசே."

"சாமா சாமா, அங்கிள்" என்று சிரித்தான். அந்த நன்றியில் பாதி அவனுடையதல்ல என்று அவனிடம் சொல்லவில்லை.