ராணிக்கு வாங்கிய பொன்னாடை

மகளுக்குப் பள்ளி நாடகத்தில் முக்கிய வேஷம் கிடைத்தது. "அரண்மனைக் கதை அம்மா, பழைய இங்கிலாந்து ராசா" என்றாள். அரண்மனை, முக்கிய வேஷம். ராணிதான் என்று நானே முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் நாலு பேருக்குச் சொல்லியும்விட்டேன். இங்கே சுவிஸிலேயே ஷ்லீரனில் இருக்கும் மச்சாள், என் கணவரின் அக்கா, துள்ளினார். "ராணியோ! அப்ப மேடையில வைச்சு என்ர மருமகளுக்குப் பொன்னாடை போர்த்தவேணும்."

எங்கள் ஆட்கள் மேடையைக் கண்டால் பொன்னாடை இல்லாமல் போகமாட்டார்கள். ஒலிபெருக்கி கட்டினவருக்கும் போர்த்திவிட்டுத்தான் வருவார்கள்.

நாடகத்துக்கு மூன்று நாள் இருக்க, மகள் மேடையில் போடும் நீளச் சட்டையைக் கொண்டுவந்து இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னாள். பார்த்தால் இரண்டு தோளும் வெளியே.

"ராணிக்கு என்னடி இவ்வளவு இறக்கமான கழுத்து?"

"நான் ராணி இல்லை அம்மா. ராணிக்கு ரெண்டு வசனம்தான். நான் தியேட்டரில தோடம்பழம் விக்கிற பிள்ளை. பிறகு நடிகை. பிறகு ராசாவோட இருக்கிறன்."

"கலியாணம் கட்டியோ?"

"இல்லை."

கடவுளே! நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கென்றே சொன்னது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் விடாமல் கதைத்தாள். அதுவரை அங்கே பெண் வேஷம் ஆண்கள்தான் போட்டார்களாம். இந்த ராசா வந்தபிறகுதான் பெண்களை மேடையேற விட்டார்களாம். ஏறினவர்களில் சிலரை அரண்மனைக்கும் கூட்டிப் போனானாம். நல்லது செய்தானா, கெட்டது செய்தானா? எனக்குப் பிடிபடவில்லை. நான் பெரியபிள்ளையானவுடன் அப்பா என்னைப் பள்ளி நாடகத்தில் இருந்து மறித்தது நினைவுக்கு வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்பாவுக்குப் பின்னேர வேலை. நீங்கள் வருவீங்கள்தானே அம்மா? நீங்களும் வராட்டி எனக்கெண்டு அங்க ஒருத்தரும் இல்லை."

"வாறன்" என்றேன். மச்சாளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஷாஃப்ஹவுசனில் மகளின் பள்ளி மண்டபத்தில் காஞ்சிபுரம் கட்டியிருந்தவர் மச்சாள் ஒருவர்தான். முன்வரிசையில், மடியில் பொன்னாடையோடு. மகள் ஆரஞ்சுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து கூவினாள், ராசாவை முகத்துக்கு நேரே நையாண்டி பண்ணினாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்ததற்கு உடனே வெட்கப்பட்டேன்.

மச்சாள் என் பக்கம் சாய்ந்தார். "எடி, ராணி எண்டெல்லோ சொன்னனீ?"

"மேடையைப் பாருங்கோ மச்சாள்" என்றேன்.

கடைசியில் ராசா சாகக் கிடக்கிறான். ராணியை உள்ளே விடுகிறார்கள், இவளைக் கதவடியில் மறிக்கிறார்கள். என் பிள்ளை ஒரு தோடம்பழத்தை நீட்டியபடி பேசாமல் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ராசா வைத்திருந்தவளுக்காக அழுகிறேனா, மறிபட்டவளுக்காக அழுகிறேனா?

கைதட்டலுக்கு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மச்சாள் எழும்பவில்லை. "இந்த வேஷத்துக்கு நான் எப்பிடியடி போர்த்துறது? சனம் என்ன சொல்லும்?"

அங்கே இருந்த தமிழ்ச் சனம் நாங்கள் இரண்டு பேர்தான்! மேலே நின்ற மகள் எங்களையே பார்த்தாள். மச்சாளின் மடியில் இருந்ததையும் பார்த்துவிட்டாள். அவளுடைய சிரிப்பு மெல்லக் குறைந்தது.

மச்சாளின் மடியில் இருந்து பொன்னாடையைப் பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். படியேறிப் போய் அவளுக்குப் போர்த்தினேன். என்னவென்று விளங்காமலே சுவிஸ்காரர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"அம்மா," என்று காதுக்குள் கேட்டாள், "இது மரியாதைக்கோ, தோளை மூடவோ?"

"தெரியேல்லை பிள்ளை."

அது உண்மை. அவள் சிரித்துக்கொண்டு சபைக்குக் குனிந்தாள். பொன்னாடை ஒரு தோளில் இருந்து நழுவியது. இழுத்துவிட என் கை போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.