முன்மொழிந்தவர் யார்?

போன வருடத்துக்கு முந்தின வருடம், காந்தி ஜெயந்தி அன்று நடந்தது இது. கொடைக்கானல் கீழ்மலையில் காப்பியும் மிளகும் விளைகிற ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். பஞ்சாயத்து ஆபீசுக்கு முன்னால் சாமியானா போட்டு, கிராம சபைக் கூட்டம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பன்னிரண்டு வயதில் ஆரஞ்சுக் கூடை சுமந்தேன். பிறகு ஜீப்பில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்று நான்கு ஜீப்புக்குச் சொந்தக்காரன். யாரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. அதனால்தான் ஊர்க்கூட்டத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி. தீர்மான நோட்டில் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். பதினொரு வருடமாகக் கிளார்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவார். "முன்மொழிந்தவரு நீங்கதாங்கய்யா" என்பார். கோயிலில் பரிவட்டம் கட்டுவதுபோல, ஊர் எனக்குச் செய்கிற மரியாதை அது என்று நினைத்திருந்தேன். முன்னால் இருப்பவன் முன்மொழிந்தவன், சரியாகத்தானே இருக்கிறது? பக்கம் காலியாகத்தான் இருக்கும். "கூட்டம் முடிஞ்சதும் எழுதிக்கிறேங்கய்யா" என்பார். நானும் பெயரை எழுதி, கீழே நீளமாக ஒரு கோடும் இழுத்துக் கொடுப்பேன்.

அன்று மழை இருட்டிக்கொண்டு நின்றது. மழைக்கு முன்னால் ஒரு லோடு வாழைத்தாரை வத்தலக்குண்டில் இறக்கியாக வேண்டும். வெரசாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று பேனாவைத் திறந்தால், பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். மேல்காட்டுக் குடியிருப்பில், காப்பிப்பழம் பறிக்கிறவர்கள் வீட்டுப் பெண். காலேஜில் படிக்கிறாள். கூட அவள் வயதில் நாலைந்து பேர், ஆளுக்கொரு செல்போன்.

"தீர்மானத்தை எழுதி, வாசிச்சுக் காட்டிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்க சார்" என்றாள்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். "ஏத்தா, நீ வாசிச்சு முடிக்கங்குள்ள என் வாழைத்தாரு பழுத்துப்போகும்" என்றேன். கூட்டம் சிரித்தது.

"பழுத்தா நாங்க திங்கிறோம் தாத்தா, உக்காருங்க" என்றாள். கூட்டம் அதற்கும் சிரித்தது. தாத்தாவாம்! என் சொந்தப் பேரனே என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுவான்.

விஷயம் இதுதான். மேல்காட்டிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்கும் பாதையில், எஸ்டேட்டைப் புதிதாக வாங்கிய வெளியூர்க்காரர் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். நியாயம் கேட்கப் போனவர்களிடம் அவர் ஒரு ஜெராக்ஸைக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் அந்தப் பெண் வாசித்தாள். 'மேற்படி பாதையில் பொதுமக்கள் எவரும் நடப்பதில்லை. அடைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை' என்று மே ஒன்றாம் தேதிக் கூட்டத்தில் இந்த ஊரே தீர்மானம் போட்டிருக்கிறதாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் கூடை சுமந்த பாதை அது. அதில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று இன்றைக்கும் என் காலுக்குத் தெரியும். எவரும் நடப்பதில்லையா?

"எந்தப் பய சொன்னது இதை?" என்று எழுந்து கத்தினேன்.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "முன்மொழிஞ்சவரு பேரு போட்டிருக்கு தாத்தா. அது வேணாம், விடுங்க. தீர்மானத்தை ரத்து பண்ணுனாப் போதும்."

"என்னத்தை விடுறது? வாசி. அவன் வேட்டியை உருவிப்புடுறேன்."

வாசித்தாள். என் பெயர், இனிஷியலோடு. கீழே நீளமான கோடு.

"ஜீப்புக்காரரே, வேட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கங்க" என்றார் டீக்கடைக்காரர். சாமியானாவே ஆடுகிற மாதிரி சிரிப்பு.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "முன்மொழிஞ்சவருன்னா, இது வேணும்னு மொதல்ல எந்திரிச்சுக் கேட்டவருன்னு அர்த்தம் தாத்தா."

பதினொரு வருடம்! அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஒருத்தனும் இல்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை, கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துபோகுமே. கிளார்க்கைப் பார்த்தேன். "மேலருந்து சொன்னாங்க, எழுதுனேன்" என்று முணுமுணுத்தார். மேலே என்றால் எங்கே? எங்களுக்கு மேலே மேல்காடுதான் கிடக்கிறது!

அதோடு முடிந்ததா? ரத்து செய்ய இன்னொரு தீர்மானம் போட வேண்டுமாம். அவளே முன்மொழிந்தாள். "வழிமொழியிறவரு?" என்றார் கிளார்க். முன்வரிசையில் ஒரு கையும் எழவில்லை. பாதிப் பேருக்கு அந்த எஸ்டேட்டில்தான் சோலி. என் நான்கு ஜீப்பில் இரண்டுகூட அங்கேதான் ஓடின. அவள் கூட்டாளிகள் கை தூக்கினார்கள். "ஊர்ப் பெரியவுக யாராச்சும் சொன்னாத்தான் எடுபடும்" என்று கிளார்க் இழுத்தார். "எங்களுக்கும் ஓட்டு இருக்கு சார்" என்று அந்தப் பிள்ளைகள் வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார்கள். அட்டையைக் காட்டித்தான் ஊர்க்கூட்டத்தில் கை தூக்க வேண்டுமா? என்னிடம் இதுவரை எவனும் அட்டை கேட்டதில்லை.

"வழிமொழியிறதுன்னா என்ன? அதையும் இப்பவே சொல்லிரு" என்றேன் அவளிடம்.

"நான் சொன்னது சரின்னு எனக்குப் பின்னால நின்னு சொல்றது."

ஒரு காலேஜ் பிள்ளைக்குப் பின்னால்! வாழ்க்கையில் எவனுக்கும் பின்னால் நிற்காதவன் நான். ஆனால் நான் போட்ட பூட்டு அது, நான்தானே திறக்க வேண்டும்? எழுந்து நின்றேன். கிளார்க் பழக்கதோஷத்தில் காலிப் பக்கத்தை நீட்டினார். "எழுதிட்டுக் கொண்டா" என்றேன். எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரண்டாவது வரியில் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாழைத்தார் அன்று மலை இறங்கவில்லை. மறுநாளிலிருந்து என் இரண்டு ஜீப்புக்கும் எஸ்டேட்டில் வேலையும் இல்லை.

கேட் திறப்பதற்கு இன்னும் ஐந்து மாதம் ஆனது. அந்தப் பிள்ளைகள் தாலுகா ஆபீசுக்கு அலையாய் அலைந்தார்கள். ஒவ்வொரு தடவையும் என் ஜீப்பில்தான் போனார்கள், அதையும் சொல்லிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டாலும் "என்ன எழுதியிருக்கு, வாசிங்க" என்கிறேன். என் வீட்டம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அடித்துக்கொள்ளட்டும். பதினொரு வருடம் முன்மொழிந்தவனாக இருந்து நான் ஒரு வார்த்தைகூட மொழியவில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்குப் பின்னால் நின்று வழிமொழிந்த அன்றைக்குத்தான், என் ஊர்க்கூட்டத்தில் நான் முதல்முதலாகப் பேசினேன்.