செம்பட்டை முடிக்குப் பின்னால் ஒளிந்தவன்

இருபது வருடம் கடல் தொழில் செய்தவன் நான், கோல்மன். அதில் எத்தனை நாள் கடலில் இருந்தேன் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. எங்கள் தீவுக்குக் கிழக்கே அயர்லாந்து, மேற்கே அமெரிக்கா வரைக்கும் தண்ணீர். எங்களுடையது மூன்று பேர் துடுப்பு வலிக்கிற படகு, மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய துணி போர்த்தியது. முன்னால் அண்ணன் ஃபெஸ்டி, நடுவில் சித்தப்பா மகன் டாரா, கடைசியில் நான். வாந்தி எடுத்தால் மற்றவர்கள் மேல் படாது என்றுதான் எனக்கு அந்த இடம்.

எனக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம் நாப்லா. எதிர்த் தீவுக்காரி. கல்யாணத்தன்று தன் வீட்டுப் படகில் பாதி தூரம் அவளே துடுப்பு வலித்து வந்து இறங்கினாள். தலைத்துணி விலகியதும் எங்கள் ஆட்களின் முகம் தொங்கிப்போயிற்று. செம்பட்டை முடி! படகுக்குப் போகிற வழியில் செம்பட்டை முடிக்காரி எதிரே வந்தால் எங்கள் தீவில் எவனும் கடலில் இறங்க மாட்டான், அப்படியே வீடு திரும்பிவிடுவான். எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் மட்டும் யோசித்தேன். ஆயுளில் ஒரே தடவை என் மூளை வேலை செய்தது அப்போதுதான்.

காலையில் அலை சற்று உயரமாகத் தெரிந்தால், "நாப்லா, தண்ணி இருக்கா?" என்பேன். வாளி நிறைய இருக்கும். அவள் அதை உருளைக்கிழங்குப் பாத்தியில் கொட்டிவிட்டு, வெறும் வாளியோடு கிணற்றுக்குக் கிளம்புவாள். நாங்கள் மூவரும் சந்து திரும்பும்போது எதிரே நிற்பாள்.

"உனக்கு வேற நேரமே கெடைக்கலியா?" என்று ஃபெஸ்டி கத்துவான்.

"தண்ணி தீந்துபோச்சு."

நானும் கூடச் சேர்ந்து இரண்டு திட்டு திட்டுவேன். மனசாட்சி உறுத்தாதா என்பீர்கள். உறுத்தியது. வயிறு புரட்டுவதற்கு அது தேவலை.

ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. கானாங்கெளுத்தி கூட்டம் கூட்டமாக வந்த நாட்களில்கூட எங்கள் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. பழி முழுக்க அவள்மேல். பிறந்த குழந்தையைப் பார்க்கக்கூட யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன மார்ச்சில் ஒரு காலை, எதிர்த் தீவில் நாப்லாவின் பிறந்த வீட்டுக்கு மேலே வைக்கோல் தீ எரிந்தது. வீட்டில் ஒரு உயிர் போகப்போகிறது, வா என்று அர்த்தம். அவள் அம்மாதான். மூன்று மாதமாகப் படுக்கை. கடலோ கொந்தளித்துக்கொண்டிருந்தது. நாப்லா சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஃபெஸ்டி வீட்டுக்கு ஓடினேன். டாராவும் அங்கே இருந்தான்.

"செம்பட்ட முடிக்காரிய படகுல ஏத்தவா?" என்றான் டாரா. "நாலு பேரும் ஒண்ணாப் போய்ச் சேர வேண்டியதுதான்."

எனக்கு வேறு வழியில்லை. வாளி, பாத்தி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அவ ராசி கெட்டவ இல்ல. எனக்குப் பயம், அவ்வளவுதான்."

ஃபெஸ்டி அடிப்பான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்டா."

"எப்ப இருந்து?"

"மொத வருஷமே. சில நாள் நீ அனுப்பலேன்னா நானே அவள வரச் சொல்லிருப்பேன். உனக்கு மட்டுந்தான் பயமா?"

டாரா மறுக்கவில்லை. புகைக்குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டே இருந்தான்.

என் பின்னாலேயே வந்த நாப்லா வாசலில் நின்றிருந்தாள். "மூணு பேருமா?" என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. மூவருமே வெட்கத்தில் செத்தோம்.

அந்த வெட்கமே மற்ற இருவரையும் படகில் ஏற்றிவிட்டது. என் வலது காலும் ஏறியது. இடது கால் பாறையை விட மாட்டேன் என்றது.

"யோவ், ஏறு, இல்ல எறங்கு. அம்மாவுக்கு நேரமில்ல" என்றாள் நாப்லா.

இறங்கினேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்து என் துடுப்புகளை எடுத்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா உயிரோடுதான் இருந்தாள். இரண்டு நாள் மகள் கையைப் பிடித்தபடி கிடந்தாளாம். ஃபெஸ்டி திரும்பி வந்து சொன்னான். "மாப்பிள்ள எங்கடி?" என்று அவள் கேட்டாளாம். நாப்லா எனக்காகப் பொய் சொல்லாதது அதுதான் முதல் தடவை.