ஒரு சர்வேயருக்கு இடம் வலம் சொல்லிக் கொடுத்த கதை

அப்போதெல்லாம் என் லேப்டாப் கீபோர்டில் எப்போதும் கல் தூசி இருக்கும். எண்டர் தட்டினால் நறநற என்று ஒரு சத்தம் வரும்...

மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் நேராகச் செல்வம் அண்ணனின் சிற்பப் பட்டறைக்குப் போவேன். அவர் செதுக்கிய சின்னச் சின்னச் சிலைகளைப் போட்டோ எடுத்து ஒரு ஆன்லைன் ஏல சைட்டில் போடுவது என் சைடு பிசினஸ். ஆமை, யானை, நந்தி, கல் விளக்கு... ஏழு நாள் ஏலம். கடைசி அரை மணி நேரத்தில்தான் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கேட்பார்கள். அதைப் பார்ப்பது சீரியலை விட நன்றாக இருக்கும்.

அந்த சைட்டில் எல்லாமே ரேட்டிங்தான். வாங்கியவர் பச்சை போட்டால் நல்ல பெயர், சிவப்பு போட்டால் போச்சு. எனக்கு அதுவரை ஒரு சிவப்பு கூடக் கிடையாது. இன்னும் ஆறு மாதம் இப்படியே ஓடினால் ரிசப்ஷன் வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

தொல்லை பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் போனையே எடுக்காத ஒருவர். கருங்கல் நந்தி ரொம்பக் கனக்கிறது என்று புகார் எழுதிய இன்னொருவர்! எல்லாரையும் சார், மேடம் என்று பணிவாகப் பேசியே சமாளித்துவிடுவேன்.

ஒரே ஒரு ஆளிடம் அந்தப் பணிவைக் கோட்டை விட்டேன்.

அவர் கூடுவாஞ்சேரிக்காரர். ஒரு அடி உயரப் பிள்ளையாரை ஏலத்தில் எடுத்தார். வெள்ளிக்கிழமை புது வீட்டுக் கிரகப்பிரவேசம், பூஜை ரூமில் வைக்க வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை பார்சல் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே மெயில். "படத்தில் இருப்பது இடம்புரி. வந்திருப்பது வலம்புரி. மாற்றித் தரவும்."

பிள்ளையாருக்குத் தும்பிக்கை அவருடைய வலது பக்கம் வளைந்தால் வலம்புரி. அதை வீட்டில் வைத்தால் ஒரு நாள் தவறாமல் ஆசாரமாகப் பூஜை செய்ய வேண்டும் என்று பலரும் தயங்குவார்கள். வீட்டுக்கு என்றால் இடம்புரிதான் கேட்பார்கள்.

நான் போட்டோவைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இடம்புரி. உடனே பதில் தட்டினேன். "சார், பிள்ளையாருக்கு இடது பக்கம்னா பார்க்கிற உங்களுக்கு அது வலது பக்கம். கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க."

அவர் எழுதினார்: "அம்மா, எனக்கு இடம் வலம் தெரியும்."

நான் எழுதினேன்: "பார்த்தா அப்படித் தெரியலையே சார்."

இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

மூன்றாவது மெயில் ஒரே வரி. "உங்கள் போட்டோவில் பின்னால் தொங்கும் காலண்டரில் என்ன தேதி என்று படித்துச் சொல்லவும்."

பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டறைச் சுவரில் தினசரி காலண்டர். அதில் இருபத்தேழு தலைகீழாக இல்லை... கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருந்தது.

என் போனில் கேமரா சுமார் என்பதால் எல்லாவற்றையும் லேப்டாப் கேமராவில்தான் எடுப்பேன். அது படத்தை இடம் வலமாகத் திருப்பிச் சேமித்திருக்கிறது. ஆமையும் யானையும் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் சிலையைப் பார்க்காமல் போட்டோவைப் பார்த்தே விவரம் எழுதியிருக்கிறேன்.

செல்வம் அண்ணனிடம் ஓடினேன்.

"இன்னாமா, இப்ப வந்து கேக்குற? அது வலம்புரிதான். கோயிலுக்குன்னு செய்யச் சொல்லிட்டு ஒருத்தரு வாங்காம வுட்டது. ஒரு வார்த்தை கேட்டுருந்தா சொல்லிருப்பேன்ல?"

நல்லவேளை, அதே அளவில் ஓர் இடம்புரி வைத்திருந்தார். வியாழக்கிழமை லீவு போட்டு, பிள்ளையாரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ், அங்கிருந்து மின்சார ரயில்.

கதவைத் திறந்தது அவர் மனைவி.

"நீதானா அந்த கம்ப்யூட்டர் பொண்ணு? ரெண்டு நாளா இவுரு நாஸ்தா கூட ஒழுங்கா துன்னல. உன் காலண்டரையே பாத்துகினு கீறாரு."

உள்ளேயிருந்து அவர் வந்தார். இரண்டு பிள்ளையாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டேப் எடுத்து உயரம் கூட அளந்தார்.

"முப்பது வருசமா சர்வேயர்மா நான். ஊரு எல்லைக்கெல்லாம் கல்லு நட்டவன். எனக்குப் போயி இடம் வலம் சொல்லிக் குடுத்தியே..."

"மன்னிச்சிடுங்க சார். தப்பு என் மேலதான்."

கேசரி வந்தது, காபி வந்தது. சரி, பச்சை விழுந்துவிடும் என்று நிம்மதியானேன். கிளம்பும்போது கேட் வரை வந்தவர், "மாத்திக் குடுத்த, சந்தோசம். ஆனா நடந்தத நடந்த மாதிரிதான் எழுதுவேன்" என்றார்.

மறுநாள் சிவப்பு. "தவறான பொருள் வந்தது. நேரில் வந்து மாற்றிக் கொடுத்தார். அதற்கு முன் என்னை அவமதித்தார்."

ரிசப்ஷன் கவுண்ட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டு அழுதேன். அதில் ஒரு வார்த்தையாவது பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஏலம் கேட்பவர்கள் குறைந்தார்கள். வேலையை விட இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. ஆனால் அதன் பிறகு சிலையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் யாருக்கும் பதில் எழுதியதில்லை.

இப்போது ஏலமும் இல்லை, மெயிலும் இல்லை. எல்லாம் ஆப். வாங்கியவர் ரிட்டர்ன் பட்டனை அமுக்கினால் போதும், சிலை தானாகத் திரும்பி வந்துவிடும். யாரும் யாரையும் அவமதிப்பதில்லை. வசதிதான்.

போன வாரம் ஒரு பிள்ளையார் அப்படித் திரும்பி வந்தார். காரணம் என்ற இடத்தில் 'பிடிக்கவில்லை' என்று மட்டும் இருந்தது. முன்னே பின்னே, மேலே கீழே எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. கேட்கலாம் என்றால் அவர் பெயர் கூட ஆப்பில் வரவில்லை.

என்ன குறை என்றே தெரியாமல், துடைத்து பேக் செய்து, அடுத்தவருக்கு அனுப்பிவிட்டேன்.