கெட்டுப்போகும் என்று சொல்லும் மேஜை

கார் ஷோரூமில் இரண்டு மேஜைகள் உண்டு. முதல் மேஜையில் இந்த வண்டி கெட்டே போகாது என்று சத்தியம் செய்து விற்பார்கள், இரண்டாவது மேஜையில் கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று பயமுறுத்தி எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்பார்கள். நான் இரண்டாவது மேஜை. தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோடைப் பார்த்த கண்ணாடிச் சுவரின் ஓரத்தில், ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிற இடத்தில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். புடவை விற்றபிறகு ஃபால்ஸ், போன் விற்றபிறகு ஸ்க்ரீன் கார்டு என்று, வாடிக்கையாளர் எழுந்து கிளம்புகிற நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுத்து எதையாவது தலையில் கட்டுகிற அத்தனை பேரும் என் உறவுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுக் காருக்குக் கம்பெனியே மூன்று வருடம் வாரண்டி தருகிறது. நாலாவது, ஐந்தாவது வருடத்துக்கும் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். அந்த நீட்டிப்புதான் என் சரக்கு.

போன மாதம் ஒன்றாம் தேதி, காலை மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் குமரேசன் சார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மாதம் முடிவதற்குள் பத்து வாரண்டி விற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் ஒரகடம் தாண்டி இருக்கும் ஸ்டாக் யார்டில் வண்டி எண்ணப் போகவேண்டும் என்றார். எங்கே வேலை பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மந்தைவெளியில் என் அப்பா இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஒரு கீறல் படாதவர், மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். என் மனைவி ஜெசிந்தா சாந்தோமில் டீச்சர், நாலு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாள். அதனால் மத்தியானம் நான் ஸ்கூட்டரில் ஓடிப்போய், அவரைத் தூக்கி உட்காரவைத்து, சோறு கொடுத்து, பாத்ரூம் கூட்டிப்போய், மறுபடி படுக்கவைத்துவிட்டு வருகிறேன். ஆள் வைத்துப் பார்த்தோம். வேறு யார் தூக்கினாலும் தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறார். ஒரகடத்திலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வந்து போக முடியாது. விஷயத்தைச் சொன்னதும் அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. "பத்துல இன்னிக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டார். மாதம் முழுக்க, சோற்றுத் தட்டை வைத்ததும் அதே கேள்விதான்.

ஒரு முடிவுக்கு வாருங்கள்

கே.கே. நகரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். முதல் மேஜையில் இருக்கும் தினேஷ் அவர்களிடம் முக்கால் மணி நேரம் பேசினான். "இந்த இன்ஜினைப் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்கவே வேணாம் மேடம்" என்று அவன் சொன்னது என் காதிலேயே விழுந்தது. கையெழுத்து ஆனதும் என்னிடம் அனுப்பிவைத்தான். நான் ஃபைலைத் திறந்து, நாலாவது வருடத்தில் இன்ஜின் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை, துக்க வீட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன்.

கணவரின் முகம் வெளுத்துவிட்டது. மனைவி பதறவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தினேஷும் நானும் ஒரே பார்வையில் படும்படி உட்கார்ந்தார். எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் மாறிமாறிப் பார்த்தார். வகுப்பில் சண்டை போட்ட பையன்களைப் போல நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு அந்த அம்மா சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசி முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நாங்க இன்னொரு காபி குடிக்கிறோம்."

நட்சத்திரம் என்ன?

மயிலாப்பூர் மாமா ஒருவர், டெலிவரி எடுக்கவே நிமிடக் கணக்கில் நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார். சக்கரத்தடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழமும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார், எங்கள் பழத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வாரண்டி எடுத்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னதும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. பேனாவை நீட்டினேன். "இது என்னிக்கு ஆரம்பிக்கறது?" என்றார்.

மூன்று வருடம் முடிந்த மறுநாள் என்று சொல்லி, போனில் தேதியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. "செவ்வாய்க்கிழமை எங்காத்துல எதையும் ஆரம்பிக்கறதில்லை" என்று பேனாவை மூடினார். ஒரு நாள் தள்ளிப் போடச் சொன்னார். தள்ளினால் அந்த ஒரு நாள் வண்டிக்கு வாரண்டியே இருக்காது என்றேன். அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்காமல் இருந்துவிடுகிறேன் என்றார். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது, அது ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தானாக ஆரம்பித்துவிடும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. சூரியோதயத்திலிருந்துதான் நாள் கணக்கு, ஆகையால் ராத்திரி பன்னிரண்டுக்கு இன்னும் திங்கட்கிழமைதான் என்றார். பேனாவை மறுபடி திறந்தார். நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவருக்கு இன்னொன்று தோன்றிவிட்டது. "அன்னிக்கு நட்சத்திரம் என்னன்னு தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடறது? அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் வரட்டும், வாங்கிண்டு நேரா இங்கதான் வரேன். நீங்க இதே நாற்காலியிலதானே இருப்பேள்?"

பென்சில் டீச்சர்

அடையாறு டீச்சரம்மா கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாரண்டிப் புத்தகத்தை வாங்கி, இதுவரை எந்த மனிதரும் திறக்காத கடைசிப் பக்கங்களைத் திறந்தார். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "வாங்க தம்பி, வண்டிகிட்டப் போலாம்" என்றார். ஷோரூம் நடுவில் நின்ற காரைச் சுற்றி ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் கேட்டார். டயர்? இல்லை மேடம். கண்ணாடி? இல்லை. வைப்பர்? இல்லை. லைட் பல்ப்? இல்லை. பெயிண்ட்? இல்லை. சீட் துணி? இல்லை. பிரேக் பேட், கிளட்ச் தட்டு, பேட்டரி? தேய்மானம் மேடம், இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டார். இரண்டு சுற்று முடிந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

கடைசியில் பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்து, மேலே தெரிகிற ரப்பர் குழாய்களைக் காட்டினார். அதுவும் இல்லை என்றேன். அதற்கு அடியில்? அங்கே இருப்பதெல்லாம் உண்டு மேடம், ஆனால் இங்கிருந்து பார்த்தால் தெரியாது என்றேன். டீச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "கண்ணுக்குத் தெரியுறது எதுக்கும் கிடையாது, தெரியாததுக்கெல்லாம் உண்டு. இது வாரண்டி இல்ல தம்பி, ஆன்மிகம். சரி, ஒண்ணு போடுங்க."

பாபு கோபித்துக்கொள்வான்

டீச்சருடையதுதான் என் முதல் வாரண்டி. அப்பாவிடம் சொன்னபோது, மிச்சம் ஒன்பதா என்று ஒரு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். இரண்டாவதை வேலு அண்ணன் எடுத்திருக்க வேண்டியது. பக்கத்துத் தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவர். நல்ல மனுஷன், படிவத்தைப் பாதி நிரப்பியும் விட்டார். வாரண்டி இருக்கிறவரை வெளி மெக்கானிக் கைவைக்கக் கூடாது என்ற வரியை நான் படித்துக் காட்டினேன். மறைத்து விற்பது எனக்கு வராது, அதனால்தான் இந்த நிலைமை.

"இன்னா நைனா, வெளில பிரிக்கவே கூடாதா? நம்ம பாபு கீறானே. இரு, அவன்கைல ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்றேன்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். பாபு இருபது வருடமாக அவருடைய வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஸ்பானர் சத்தம் நின்றது. வேலு அண்ணன் "பாபு, கீறியா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அப்புறம் பாபுவின் குரல் வந்தது, கோபமே இல்லாமல். "நீ எடுத்துக்கண்ணே, நான் வேணான்னு சொல்லல. இன்னா ஒண்ணு, எம் பொண்ணு கல்யாணத்துக்குத் தண்ணி கேன் வேற எடத்துல சொல்லிக்கிறேன்."

ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை

அடுத்த மூன்று வாரத்தில் ஏழு நல்ல ஆத்மாக்கள் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாக இருக்கட்டும். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் மச்சினனோடு வந்தார். சினிமாவில் ஒலிப்பதிவு வேலை. ஐந்து வருடத்துக்கு முன் என்னிடம் வாரண்டி வாங்கியவர், மறுநாளோடு அது முடிகிறது. வந்ததும் வராததுமாக, என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்றார். என்ன கெட்டுப்போனது சார் என்று பதறினேன். ஒன்றுமே கெட்டுப்போகவில்லை, அதுதான் புகார் என்றார். கட்டிய காசுக்கு ஒரு ரிப்பேராவது பார்த்துத் தரவேண்டுமாம். காரில் ஒரு சத்தம் வருகிறது, வேறு யாருக்கும் கேட்காது, தனக்கு மட்டும் கேட்கும் என்றார்.

சத்தம் தேடிக் கிளம்பினோம். நல்ல ரோட்டில் கேட்காது என்பதால், மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கும் தெருவாகப் பார்த்து வண்டியை விட்டார். மயிலாப்பூர் பக்கம் நாலு பள்ளம், தி.நகர் பக்கம் ஆறு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு "வருது, வருது" என்றார், ஓட்டுகிறவர் கண்ணை மூடினால் பக்கத்தில் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஏழாவது பள்ளத்தில் எனக்கும் கேட்டது. கிணுக். திரும்பி வந்து டிரைவர் சீட்டைக் கழற்றினோம். சீட் முன்னும் பின்னும் நகருகிற தண்டவாளத்தின் இடுக்கில் ஒரு தோட்டுத் திருகாணி கிடந்தது. பின்சீட்டில் இருந்த மச்சினன் இதையெல்லாம் பார்த்து அசந்துபோய், போன மாதம் தான் வாங்கிய காருக்கு அங்கேயே ஒரு வாரண்டி எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்பது. ஒலிப்பதிவுக்காரர் திருகாணியைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "நாலு வருஷமா இது தொலைஞ்சதுக்கு எங்க அம்மாதான் காரணம்னு வீட்ல சண்டை. இதை வாரண்டில எடுத்துக் குடுத்ததா லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்துடுங்க."

கடைசி நாள்

கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு, தி.நகரில் பைகள் விற்கும் கடை வைத்திருக்கும் காதர் பாய் காருக்குப் பணம் கட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தார். நான் பேசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, எங்க கடையில இந்தப் பை உழைக்குமான்னு கேட்டா, நான் பேசமாட்டேன். என் தோள்ல மாட்டியிருக்கிறதைக் காட்டுவேன். நீங்க எடுத்திருக்கீங்களா?" என்றார். என்னிடம் ஸ்கூட்டர்தான் பாய் என்றேன். கார் வைத்திருக்கிறவர் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா என்று கேட்டார். ஷோரூமில் இருந்த எல்லோரும் கண்ணாடி கேபினைப் பார்த்தோம். குமரேசன் சார் பொங்கலுக்கு இதே மாடலில் வெள்ளைக் கார் எடுத்திருந்தார். வாரண்டி எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும், இரண்டாவது மேஜைக்கு எல்லாம் தெரியும்.

பாய் நேராக உள்ளே போய்க் கேட்டார். குமரேசன் சார் சிரித்துக்கொண்டே, எடுக்காமல் இருப்பேனா பாய் என்றார். "மாஷா அல்லா. அந்தப் பேப்பரைக் காட்டுங்க, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு" என்று பாய் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். வீட்டில் இருக்கிறது என்றார் மேனேஜர். கம்ப்யூட்டரில் இருக்குமே என்றார் பாய். ஒரு நிமிடம் பாய் என்று வெளியே வந்த குமரேசன் சார், என் தோளைப் பிடித்து பிரிண்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "சட்டுனு என் பேர்ல ஒண்ணு போடுப்பா" என்றார், கார்டை நீட்டியபடி. போட்டேன். விற்பவர் என்ற இடத்தில் என் பெயரைக் கொஞ்சம் அழுத்தி அடித்தேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் படித்தார். சூடு இன்னும் ஆறாத பேப்பர். மேலே இருந்த தேதியில் விரலை வைத்து, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து மேனேஜரின் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தார். "கடைக்காரரே இன்னிக்குத்தான் பயந்திருக்காரு. எனக்கு என்ன அவசரம், மூணு வருஷம் டயம் இருக்குல்ல?"

பாய் போனதும் குமரேசன் சார், இதைக் கணக்கில் சேர்க்காதே, கேன்சல் பண்ணு என்றார். கேன்சல் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு, வாங்கியவர் தன் கையாலேயே எழுதவேண்டும், ஹெட் ஆபீஸில் படிப்பார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். மணி பன்னிரண்டரை ஆனது. "போ, உங்கப்பா பசியோட இருப்பார்" என்று படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, பத்தாவது ஆன கதையைச் சொன்னேன். சிரித்தார், சிரித்தால் இடுப்பு வலிக்கும், வலியோடு சிரித்தார். சிரித்து முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாளைக்கும் நீதான தூக்குவ?" என்றார். நான்தான் என்றேன்.

அந்த மாதம் முழுக்க நான் எவ்வளவோ பேசியும், உண்மையாகவே பயந்துபோய் வாரண்டி வாங்கியவர் எங்கள் மேனேஜர் ஒருவர்தான்.